இடுப்பு எக்ஸ்ரேயில் வரும் கோணங்கள்: கேள்வி பதில்

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. வந்த கேள்விகளைச் சுருக்கிப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வயது 32. பைக்கில் விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில் "கேம் அமைப்பு, ஆல்ஃபா கோணம் 62" என்று இருக்கிறது. இடுப்பில் வலியே இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள பந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழலும். அந்தப் பந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பந்துக்குக் கீழே உள்ள கழுத்துப் பக்கம் எலும்பு எங்கே வட்டத்தை விட்டு வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆல்ஃபா கோணம். அந்த இடம் கொஞ்சம் புடைத்திருந்தால் எண் ஏறும், அந்தப் புடைப்பைத்தான் கேம் அமைப்பு என்கிறார்கள். 2002-இல் நோட்ஸ்லி என்ற டாக்டரின் குழுவினர் எம்.ஆர்.ஐ.யில் அளந்தபோது வலி உள்ளவர்களுக்குச் சராசரி 74, இல்லாதவர்களுக்கு 42 என்று வந்தது, அதை வைத்து 50, 55 என்று கோடு போட்டார்கள். அப்புறம் வலி இல்லாதவர்களையும் ஸ்கேன் செய்து பார்த்தால் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள், குறிப்பாக ஆண்கள், நிறையப் பேர் இருந்தார்கள். வளரும் வயதில் கால்பந்து கடுமையாக ஆடியவர்களிடம் இன்னும் அதிகம். அதனால்தான் 2016-இல் நிபுணர்கள் கூடி எழுதிய வார்விக் உடன்பாட்டில் வலி, கையால் பரிசோதிக்கும்போது தெரியும் அறிகுறி, படம் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பந்தும் கிண்ணமும் இடிக்கும் நோய் என்றார்கள். உங்களிடம் இருப்பது படம் மட்டும்.

கேள்வி: எனக்குக் கிண்ணத்தின் கோணம் 23, "எல்லைக்கோடு" என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: அந்த வார்த்தையைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கிண்ணம் பந்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைக் காட்டுவதுதான் இந்தக் கோணம். 1939-இல் ஸ்வீடன் டாக்டர் வைபெர்க், 25-க்கு மேல் சரி, 20-க்குக் கீழ் கிண்ணம் ஆழம் போதாது, நடுவில் உள்ளது சந்தேகம் என்று பிரித்தார். படம் எடுக்கும்போது இடுப்பெலும்பு கொஞ்சம் சாய்ந்தாலோ திரும்பினாலோ, அளப்பவர் மாறினாலோகூட சில டிகிரி மாறும் சகோதரி. 23-ஐ வைத்து மட்டும் எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே சம்மணம் போட வராது, ஆனால் கால்களைப் பின்னால் மடக்கி இரண்டு பக்கமும் விரித்து சுலபமாக உட்காருவேன். ஏன்?

பதில்: தொடை எலும்பின் கழுத்து முன்பக்கமாகச் சற்று அதிகம் திருகியிருக்கலாம். பிறக்கும்போது எல்லோருக்கும் அந்தத் திருகல் 30, 40 டிகிரி இருக்கும், வளர வளரக் குறைந்து பெரியவர்களில் சராசரி 15-க்குப் பக்கம் வரும், சிலருக்குக் குறையாமல் நின்றுவிடும். அவர்களுக்குக் கால் உள்பக்கம் நன்றாகத் திரும்பும், வெளிப்பக்கம் திரும்பாது, சம்மணத்துக்கோ வெளிப்பக்கம்தான் திரும்ப வேண்டும். யோகா வகுப்பில் யாரையும் முழங்காலை அமுக்க விடாதீர்கள். எலும்பின் வடிவம் அமுக்கினால் மாறாது.

கேள்வி: இடது, வலது அளவு ஒன்றாக இல்லையே?

பதில்: சில டிகிரி வித்தியாசம் சகஜம்.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் டாக்டரைப் பார்ப்பது?

பதில்: தொடை இடுக்கில் ஆழமாக வலி, தாழ்வான இடத்திலிருந்து எழும்போது பிடிப்பு, நொண்டி நடப்பது, இவை சில வாரம் நீடித்தால் எலும்பு டாக்டரிடம் போங்கள். காய்ச்சலோடு வலி, காலை ஊன்றவே முடியாத வலி என்றால் அன்றைக்கே. போகும்போது ரிப்போர்ட்டோடு படத்தையும் கொண்டுபோங்கள்.