ரசீதோடு நிற்காதீர்கள்

கேள்வி: நடவுக் கூலி கேட்ட தலித் பெண்ணை வயலிலேயே சாதி சொல்லித் திட்டி, முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறார் நிலக்காரர். காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். அடுத்து என்ன செய்வது?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 18ஏ பிரிவுப்படி, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிய முன்விசாரணை தேவையில்லை. மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டை பத்திரம்.

வழக்கின் உயிர் புகாரில்தான் இருக்கிறது. "அசிங்கமாகத் திட்டினார்" என்று பொதுவாக எழுதினால் நீதிமன்றத்தில் நிற்காது. கூசினாலும் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். எந்த வயல், எத்தனை மணி, கூட நாற்று நட்டவர்கள் யார் யார், நிலக்காரருக்கு இந்தப் பெண்ணின் சாதி முன்பே தெரியும் என்பது, எல்லாம் வேண்டும். பலர் பார்க்க நடந்தது என்பதற்கு அந்த நடவாட்கள்தான் சாட்சி.

பெரும்பாலும் விடுபடுவது முந்தானை! திட்டியதற்கு அதே சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவைப் போடுவார்கள். பாலியல் நோக்கில் தொட்டதற்கான 3(1)(டபிள்யூ)வை விட்டுவிடுவார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சாதியும் ஆணாதிக்கமும் ஒரே கையாக அவள்மீது விழுகின்றன என்பதே தலித் பெண்ணியத்தின் அடிப்படை வாதம். 2021இல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை விரிவாகப் பேசியது.

டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி விசாரித்து, 60 நாளில் குற்றப்பத்திரிகை தர வேண்டும். சாதிச் சான்றிதழ் நகலை இப்போதே சேருங்கள். அரசு நிவாரணத்தில் ஒரு பகுதி எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே உண்டு.