எலிப்டிகல் பயிற்சி: மூட்டுக்கு இதம் என்பதோடு கணக்கு முடிவதில்லை

எலிப்டிகல் இயந்திரத்தில் பயிற்சி செய்வதன் சாதக பாதகங்கள் யாவை, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது ஏற்றதா, நடைக்கும் ஓட்டத்துக்கும் அது மாற்றாகுமா என்று மூன்று ஐயங்களை எழுப்பியிருக்கிறீர்கள். நான் ஓட்டமும் எலிப்டிகலும் மாற்றி மாற்றிச் செய்து வருபவன் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டே பதில் சொல்கிறேன். நின்றபடியே இரண்டு பெடல்களை மிதித்துச் சுழற்றும் இந்த இயந்திரத்தில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை. அதன் நன்மைகளில் பெரும்பாலானவையும் குறைகளில் பெரும்பாலானவையும் இந்த ஒரு பண்பிலிருந்தே பிறக்கின்றன.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் ஒரு கணம் தரையை விட்டு எழுந்து மீண்டும் இறங்குகிறது. இறங்கும் காலில் தரை தரும் எதிர்விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். அந்த அடியை இரண்டு கால்களும் மாறி மாறி, நிமிடத்துக்கு 150 தடவைக்கும் மேலாக வாங்குகின்றன. எலிப்டிகலில் இறங்குதல் என்பதே கிடையாது. பாதம் பெடலோடு சேர்ந்து நீள்வட்டப் பாதையில் போய் வருகிறது, எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மோதலின்றி மாறுகிறது, பெடலின் மீது விழும் விசையும் உடல் எடையை ஒட்டியே நிற்கிறது. 1995இல் பிரிகோர் நிறுவனம் இவ்வகை இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் விற்பவர்கள் சொல்லிவரும் முதல் வாதம் இதுதான், அது உண்மையான வாதமும்கூட. உடல் எடை மிகுந்தவர்களுக்கும், நெடுநாள் அசைவின்றி இருந்துவிட்டு மீண்டும் தொடங்குபவர்களுக்கும், பாதத்திலோ கெண்டைக்காலிலோ காயம்பட்டு ஓட முடியாமல் இருக்கும் ஓட்டக்காரர்களுக்கும், கால்கள் அடிவாங்காமலே மூச்சிரைக்க உழைப்பதற்கு ஒரு வழி கிடைப்பது சிறிய உதவியன்று.

ஆனால் மோதல் இல்லை என்பதற்குச் சுமை இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்களிடம் இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் ஏறக்குறைய நேராக நிமிர்ந்து, தொடைத் தசைகளுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கிறது. எலிப்டிகலில் முழங்கால் பெரும்பாலும் மடங்கிய நிலையிலேயே வேலை செய்கிறது. தொடையின் முன்தசை சுற்று முழுவதும் இறுகித் தளர்ந்து கொண்டே இருக்கிறது. அந்தத் தசை இறுகும்போதெல்லாம் முழங்கால் சில்லைத் தொடை எலும்போடு அழுத்துகிறது. மடக்கமும் பெடல் தரும் எதிர்ப்பும் (ரெசிஸ்டன்ஸ்) கூடக் கூட அந்த அழுத்தமும் கூடும். ஆகவே தரையில் கால் ஊன்றும்போது வலிப்பவர்களுக்கு இந்த இயந்திரம் பெரும்பாலும் இதமாக இருக்கும் என்றாலும், படியேறும்போதோ குந்தி எழும்போதோ சில்லுக்குப் பின்னால் வலிப்பவர்களுக்கு அது வலியைத் தூண்டக்கூடும். இரண்டாம் வகையினர் சாய்வையும் ரெசிஸ்டன்ஸையும் தாழ்வாக வைத்து, பத்து நிமிடத்தோடு நிறுத்தி, மறுநாள் காலை முழங்கால் என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே நேரத்தைக் கூட்ட வேண்டும். வீக்கம் இருந்தாலோ, மூட்டு இடையில் பூட்டிக்கொள்வது போல் நின்றாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இந்தப் பயிற்சி உதவுமா என்பதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. இதயத்துக்குப் பெடலும் தெரியாது, தரையும் தெரியாது. பெரிய தசைகள் எவ்வளவு ஆக்சிஜன் கேட்கின்றன என்பதே அதற்குத் தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான பயிற்சி. இந்த நிமிடங்களை முழுவதும் எலிப்டிகலிலேயே சேர்த்தாலும் இதயத்தின் கணக்கில் குறை எதுவும் வராது. ஒரே அளவு முயற்சியோடு செய்தால் டிரெட்மில்லில் கிடைப்பதற்கு இணையான பயனை இதிலும் எதிர்பார்க்கலாம்.

சிக்கல் அந்த ‘ஒரே அளவு முயற்சி’ என்ற நிபந்தனையில்தான் ஒளிந்திருக்கிறது. டிரெட்மில்லின் பட்டை மோட்டாரின் வேகத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும், சோம்பினால் பின்னால் தள்ளப்படுவோம். எலிப்டிகலில் அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் இல்லை. உள்ளே சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீல் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால், ரெசிஸ்டன்ஸ் தாழ்வாக இருக்கும்வரை, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை விரல் நுனியால் தள்ளுவது போலத்தான் நம் உழைப்பு அமையும். கால்கள் வேகமாகச் சுழல்கின்றன, திரையில் எண்கள் ஏறுகின்றன, கைகள் நிலையான கைப்பிடியில் உடல் எடையைச் சாய்த்திருக்கின்றன, கண்கள் கைப்பேசியில் இருக்கின்றன; அரை மணி நேரம் கழித்து வியர்வையே இல்லாமல் இறங்குகிறார்கள். ஜிம்முக்குப் போகும் எவரும் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். உடல் எப்போதும் எளிய வழியைத் தேடும், இந்த இயந்திரம் அந்த வழியைத் தாராளமாகத் திறந்து வைத்திருக்கிறது.

திரையில் தெரியும் கலோரிக் கணக்கையும் இந்த ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். உடற்செயல்களின் ஆற்றல் செலவை வரிசைப்படுத்தும் அட்டவணையில் மிதமான வேகத்தில் செய்யப்படும் எலிப்டிகல் பயிற்சிக்கு ஐந்து மெட் என்ற அளவு தரப்பட்டுள்ளது. ஒரு மெட் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கலோரி. எனவே 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் செய்தால் செலவு 175 கலோரி வரும், அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கக்கூடிய 35 கலோரி அடக்கம். இதே நேரத்துக்கு இயந்திரத்தின் திரை 300 என்று காட்டினால், நீங்கள் உண்மையிலேயே பேச முடியாத அளவுக்கு உழைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திரை தாராளம் காட்டுகிறது. உங்கள் எடையைக் கேட்காத இயந்திரம் யாரோ ஒருவரின் கலோரியைத்தான் கணக்கிடுகிறது. அந்த எண்ணை நேற்றைய உங்கள் பயிற்சியோடு ஒப்பிடப் பயன்படுத்தலாம். சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

முழு உடலுக்கும் பயிற்சி என்ற விளம்பரத்துக்கும் இதே அளவு எச்சரிக்கை தேவை. அசையும் கைப்பிடிகளை உண்மையாகவே தள்ளியும் இழுத்தும் செய்தால் மார்பு, முதுகு, புஜத் தசைகளும் வேலையில் பங்கெடுக்கும்; இல்லையென்றால் கால்கள் கைப்பிடிகளை ஆட்ட, கைகள் அவற்றோடு சும்மா பயணம் செய்யும். எவ்வளவு முனைந்து செய்தாலும் அது தசைவலிமைப் பயிற்சி ஆகாது. மேலே சொன்ன வழிகாட்டுதலே வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைத் தனியாகக் கேட்கிறது. எலிப்டிகல் நிமிடங்கள் அந்தக் கடனை அடைப்பதில்லை.

இனி, அதிகம் பேசப்படாத குறைக்கு வருகிறேன். எலும்பு தன் மீது விழும் விசைக்கு ஏற்பத் தன்னை உறுதிப்படுத்திக் கொள்கிறது. துள்ளல், குதித்தல், ஓட்டம் போன்றவற்றில் சட்டென்று ஏறி இறங்கும் விசை அதற்கு வலுவான தூண்டுதல். மூட்டைக் காப்பதற்காக அந்த மோதலை நீக்கும்போது, எலும்புக்குப் போக வேண்டிய தூண்டுதலின் ஒரு பகுதியையும் சேர்த்தே நீக்கிவிடுகிறோம். நின்றுகொண்டு செய்வதால் நீச்சலையும் சைக்கிளையும்விட எலிப்டிகல் எலும்புக்கு ஓரளவு மேல் என்றாலும், எலும்பு உறுதியை மட்டுமே இலக்காகக் கொண்டவர்கள் இதை முதல் தேர்வாக வைத்துக்கொள்ளக் கூடாது. சமநிலையிலும் இதே கதைதான். தரையில் நடக்கும்போது கணுக்கால் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்கிறது, ஒற்றைக் காலில் நிற்கும் அந்தச் சிறு பொழுதில் இடுப்பின் பக்கத் தசைகள் உடல் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. எலிப்டிகலில் பாதை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. இரண்டு பாதங்களும் ஊன்றியிருக்கின்றன, இரண்டு கைகளும் பிடித்திருக்கின்றன, பக்கவாட்டு அசைவு அறவே இல்லை. விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தால் முதியவர்கள் பலர் நடையை விட்டுவிட்டு இந்த இயந்திரத்துக்கு வருகிறார்கள். ஆனால் விழாமல் இருப்பதற்கு உடல் கற்க வேண்டிய பாடத்தை இது கற்றுக்கொடுப்பதில்லை. ஆகவே நடைக்கு இது முழு மாற்றாகாது என்பது என் கருத்து. ஓட்டத்துக்கும் அப்படியே: காயம் ஆறும் வாரங்களில் மூச்சுத்திறனைக் காத்துத் தரும், ஆனால் தரையில் அடிவாங்கும் பழக்கம் கால்களுக்குக் குறைந்துபோவதால், திரும்ப ஓடத் தொடங்கும்போது குறைந்த தூரத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

சிலருக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போகிறது. பாதம் பெடலை விட்டு எழாததால் முன்பாதத்தின் மீது அழுத்தம் இடைவிடாமல் இருப்பதே இதற்குப் பொதுவான காரணம். காலணியின் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி, எடையைக் குதிகால் பக்கம் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் இதை இயந்திரத்தின் குறை என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எப்படிச் செய்தால் பயன் என்பதற்கு என் வழக்கம் எளியது. திரையில் உள்ள வேகத்தைவிட என் பேச்சையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: முழு வாக்கியம் பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது மிதமான உழைப்பு, இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையானது. ஃபிளைவீல் தன்போக்கில் இழுத்துச் செல்வதாகத் தோன்றும் கணத்தில் வேகத்தைக் கூட்டாமல் ரெசிஸ்டன்ஸைக் கூட்டுகிறேன், ஏனெனில் வேகம் கூடும்போது உதவிக்கு வரும் சுழற்சி, ரெசிஸ்டன்ஸ் கூடும்போது வருவதில்லை. ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்றிய பின், ஒரு நிமிடம் கடுமையாகவும் இரண்டு நிமிடம் இலகுவாகவும் மாற்றி மாற்றிச் செய்வது சலிப்புக்கும் நல்ல மருந்து. இந்த இயந்திரத்தின் அசைவைப் போல் மாறுதலற்ற அசைவு வேறொன்றும் இல்லை. பின்னோக்கிச் சுழற்றினால் தொடையின் முன்தசையில் வேலை கூடுவதை உணரலாம், ஆனால் சில்லு வலி உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே மேல். கைப்பிடியைப் பிடிப்பதில் தவறில்லை, அதில் சாய்வதுதான் தவறு. முதுகு நிமிர்ந்து, பிடி தளர்ந்து இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கீழே இருக்கும் பெடலைத்தான் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் மேலே இருக்கும் பெடலில் எடையை வைத்தால் அது சட்டென்று கீழே சரியும்.

வீட்டுக்கு வாங்கும் எண்ணம் இருந்தால், திரையில் எத்தனை திட்டங்கள் உள்ளன என்பதைவிட அடிநீளத்தை, அதாவது பெடல் முன்னும் பின்னும் நகரும் தூரத்தைப் பாருங்கள். நடுத்தர உயரமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 50 செ.மீ. அடிநீளம் இயல்பாக இருக்கும்; மிகக் குறைந்த அடிநீளமுள்ள மலிவு வகைகளில் ஓட்டம் போன்ற அசைவு வராமல், ஒரே இடத்தில் நின்று படியேறுவது போன்ற அசைவே வரும், அதில் முழங்கால் கூடுதலாக மடங்கும். பெடல் மேலே எழும்போது தலையும் எழும் என்பதால், உங்கள் உயரத்தோடு பெடலின் உச்ச உயரத்தையும் கூட்டி, கூரையோ மின்விசிறியோ இடிக்காது என்று அளந்து கொள்ளுங்கள். காந்த ரெசிஸ்டன்ஸ் உள்ள இயந்திரங்கள் சத்தமின்றி ஓடும், சிலவற்றுக்கு மின் இணைப்பே தேவைப்படாது. எதை வாங்குவதாக இருந்தாலும், அதே அடிநீளமுள்ள இயந்திரம் ஏதாவது ஒரு ஜிம்மில் இருந்தால், உங்கள் சொந்தக் காலணியோடு குறைந்தது இருபது நிமிடம் தொடர்ந்து செய்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். பாதம் மரப்பதும் சில்லு வலிப்பதும் கடையில் நின்று பார்க்கும் இரண்டு நிமிடத்தில் தெரியவருவதில்லை.