கடுவன் முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்

ஹட்டனில் உங்கள் கடுவன் பூனை நேற்று இரவிலிருந்து மண் தட்டுக்கு ஓடி ஓடி முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை, அம்மா மலச்சிக்கல் என்று ஆமணக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து எண்ணெய் வேண்டாம். இதைப் படித்த கையோடு மிருக வைத்தியரிடம் கிளம்புங்கள்.

ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிக ஒடுக்கம். சளி போன்ற கசடோ பொடிக் கற்களோ அதை அடைத்தால், மூத்திரம் தேங்கிச் சிறுநீரகம் கெடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். ஓரிரு நாளிலேயே உயிர் போகும் விஷயம் இது. குறியை நக்கிக்கொண்டே இருப்பது, கத்துவது, வாந்தி எல்லாம் இதன் அடையாளங்கள். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி இறுகிய உருண்டை தட்டுப்படலாம். அதை அமுக்கவே கூடாது, மூத்திரப் பை வெடித்துவிடலாம். தட்டுப்படாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

வலிக்கென்று பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

பக்கத்து மிருக வைத்தியரிடம் போன் போட்டு, குழாய் விட்டு அடைப்பை எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கேயும் முதலில் போன் பண்ணிவிடுங்கள்.

அப்புறம், வீடு வந்த பிறகும் திரும்ப அடைக்கலாம். முதல் வாரம் மண் நனைகிறதா என்று பாருங்கள். குளிரில் தண்ணீர் குடிக்காவிட்டால், உப்பில்லாமல் அவித்த மீனை அந்தத் தண்ணீரோடேயே வையுங்கள்.

கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், வைத்தியர் கேட்பார்.