கரண்ட் போனால் டவரும் போகணுமா?

கேள்வி: சார், மழைக்காலத்தில் லைன் மேல் மரம் சாய்ந்தால் எங்கள் ஊரில் முதலில் கரண்ட் போகும், சில மணி நேரத்தில் சிக்னலும் போய்விடும். 6ஜி வந்தால் டவர் இன்னும் அதிகமாகத்தானே கரண்ட் இழுக்கும்? அப்புறம், தேயிலைத் தோட்ட ஓரத்தில் ஆளே இல்லாமல் நிற்கிற அந்தப் பெட்டியில் யாராவது கை வைத்தால் நம் பேச்சும் பணமும் என்ன ஆகும்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டையும் சேர்த்துக் கேட்டதே சரி. டவரில் அதிக மின்சாரத்தைத் தின்பது சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்தான். 4ஜி-யில் ஒருத்தர்கூட போனைத் தொடாத நடுராத்திரியிலும் ஒவ்வொரு மில்லி செகண்டும் அது அடையாள சிக்னல் அனுப்பியே ஆகவேண்டும். 5ஜி-யில் அதைப் பொதுவாக 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை அனுப்பினால் போதும், நடுவில் ஆம்ப்ளிஃபயரை அணைத்து வைக்கலாம், ஆனால் ஒரே பேனலில் 64 ஆன்டெனா வரிசை வைத்துவிடுவதால் கூட்ட நேரத்தில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடுகிறது. 6ஜி ஆராய்ச்சியில் இந்தத் தூக்கத்தை இன்னும் நீட்டப் பார்க்கிறார்கள். நீண்டால் அதே பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும், உங்கள் ஊருக்கு வேண்டியது அதுதான்.

பாதுகாப்புக்கு வருவோம். போனிலிருந்து காற்றில் போகும் தகவல், மற்றவர் படிக்க முடியாதபடி ரகசியக் குறியீடாகப் பூட்டித்தான் போகிறது, ஆனால் 4ஜி-யில் அந்தப் பூட்டு டவர் பெட்டிக்குள்ளேயே திறக்கப்படுகிறது. வங்கி ஆப் தனக்கென்று இன்னொரு பூட்டு போட்டுக்கொள்ளும், சாதாரண எஸ்எம்எஸ்-ஸில் வரும் ஓடிபி-க்கு அது கிடையாது. அதனால் பெட்டிக்குள் இருக்கும் சிப் நம்பகமானதாக இருந்தே ஆகவேண்டும். கரண்ட் வந்து பெட்டி உயிர் பெறும் ஒவ்வொரு முறையும், உள்ளே ஓடப்போகும் சாஃப்ட்வேர் உண்மையானதுதானா என்று, சிப்பிலேயே மாற்ற முடியாதபடி பதித்த டிஜிட்டல் சாவியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அடிக்கடி கரண்ட் போய் வரும் மலையில் இது ரொம்ப முக்கியம்.

பாதுகாப்பு சேர்த்தால் மின்செலவு ஏறும் என்று பலர் சொல்வார்கள், நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். பூட்டுகிற வேலையைச் சாஃப்ட்வேரில் செய்தால்தான் செலவு, அதற்கென்று தனிச் சர்க்யூட்டைச் சிப்பில் வைத்தால் மிகக் குறைவு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை 2018-ல் பார்த்தோம்: வேகத்துக்காக பிராசசரில் செய்திருந்த ஏற்பாடுகளிலேயே ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் இருந்தது தெரிந்து, அடைக்கப் போட்ட அப்டேட்டுகள் கம்ப்யூட்டர்களை மந்தமாக்கின. ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் மேல் எனக்கு நம்பிக்கை வருவதும் இதனால்தான், ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த அடிப்படையில் செய்தது, உள்ளே இருப்பதை நம் ஆட்களே பிரித்துப் பார்க்கலாம்.

ஊர் சார்பில் மனு கொடுப்பதானால், கரண்ட் போனால் டவர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

கேள்வி: 6ஜி எப்போது வரும்?
- வாசகர், கூடலூர்

பதில்: ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு அதற்கு வைத்திருக்கும் பெயரே ஐஎம்டி-2030. அந்த வருஷத்தை ஒட்டி எதிர்பார்க்கலாம், முதலில் பெரிய நகரங்களில்.