கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு கவர்டு ஸ்டென்ட்: கூடுதல் செலவு தேவைதானா?

கேள்வி: அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. கவர்டு ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார்கள், விலை அதிகம். சாதாரண ஸ்டென்ட் போதாதா?

நான் டாக்டர் இல்லை. தாய்மாமாவுக்கு இதே ஸ்டென்ட் வைத்தபோது கூடவே அலைந்தவன்.

மாமா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கும் வேலை. நூறு மரம் முடிப்பதற்குள் இடது பிட்டமும் தொடையும் கடுக்கும், இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். எங்கள் ஊரில் இடுப்பு வலி என்றால் முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம்தான் போவோம். ஆறு மாதம் தடவல். அப்புறம் முதுகுத்தண்டு ஸ்கேன். அறுபது தாண்டியவருக்கு டிஸ்க்கில் ஏதாவது இல்லாமலா இருக்கும்? அதற்கு ஒரு ஆறு மாதம் மாத்திரை. கடைசியில் நாகர்கோவிலில் ஒரு டாக்டர் தொடை இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தார். வலது பக்கம் துடித்தது, இடது பக்கம் துடிப்பே இல்லை. அதுவரை ஒருவரும் அங்கே தொட்டுப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. முதுகுத்தண்டு வலி பெரும்பாலும் உட்கார்ந்தால், குனிந்தால்தான் குறையும். சும்மா நின்றாலே போய்விடுகிற வலி என்றால் ரத்த ஓட்டத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தார்கள். 0.5 வந்தது. 0.9-க்குக் கீழே போனாலே அடைப்பு என்று கணக்கு. (சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் இறுகிப்போய் இந்த எண் நல்லதுபோலப் பொய்யாகக் காட்டலாம்.) அப்புறம் சி.டி. ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஸ்கேன். வயிற்றுப் பெருங்குழாய் இரண்டாகப் பிரிந்து இடது காலுக்கு இறங்கும் இலியாக் குழாயில் நீளமான அடைப்பு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதாரண ஸ்டென்ட் வெறும் கம்பி வலை. வலைக்கண் வழியாக உள்சதை வளர்ந்து மறுபடி அடைக்கலாம். கவர்டு ஸ்டென்டில் அந்த வலைக்கு ஒரு மெல்லிய உறை இருக்கும். பிளம்பர் குழாய் மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப் இருக்கிறதே, ஏறக்குறைய அதே பொருள்தான். சதை அதைத் துளைத்து உள்ளே வராது. ஸ்டென்டை விரித்துப் பொருத்த உள்ளே பலூனை ஊதுவார்கள், அப்போது சுண்ணாம்பு படிந்த குழாய் கிழிந்தால்கூட உறை கசிவை அடைத்துவிடும். ஆனால் ஸ்டென்டின் இரு முனைகளிலும் சதை வளரத்தான் செய்யும்.

இதைப் பற்றி அதிகம் பேசப்படுவது ஆஸ்திரேலியாவில் நடந்த கோபெஸ்ட் என்ற ஆய்வு. 125 பேர், 168 இலியாக் குழாய்கள், 2011-இல் வெளியானது. எளிய அடைப்புகளில் இரண்டு ஸ்டென்டும் ஒன்றுபோலவே இருந்தன. நீளமான, சிக்கலான அடைப்புகளில்தான் கவர்டு ஸ்டென்ட் முந்தியது. ஐந்து வருடக் கணக்கிலும் குழாய் திறந்திருப்பதில் அதுவே மேல், மறுசிகிச்சையும் குறைவு. ஆனால் காலை எடுக்க நேர்வதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அப்பாவின் அடைப்பு சின்னது என்றால் கூடுதல் பணம் எதற்கு என்று தைரியமாகக் கேளுங்கள்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, அதை எங்களுக்கு யாரும் தானாகச் சொல்லவில்லை. உறை போட்ட இடத்தில் பிரிந்துபோகும் கிளைக்குழாய்களும் மூடிப்போகும். இலியாக்கில் பிட்டத்துக்கும் இடுப்பின் உள்ளுறுப்புகளுக்கும் போகும் கிளை அப்படி அடைபடலாம். பிட்ட வலி தொடரலாம், ஆண்களுக்கு விறைப்பும் பாதிக்கலாம். (அடைப்பாலேயே அது முன்பே பாதித்திருக்கும், நம் பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.) அடைப்பு தொடைக் குழாயில் என்றால் கதையே வேறு. அங்கே இந்த ஆய்வை அளவுகோலாக வைக்க முடியாது. தொடை இடுக்கு, முழங்கால் மாதிரி மடங்கும் இடங்களில் கூடியவரை ஸ்டென்டையே தவிர்ப்பார்கள்.

விலை விஷயத்தில், 2017 பிப்ரவரியில் அரசு கொண்டுவந்த உச்சவரம்பு இதய ஸ்டென்டுக்குத்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போய் நாங்கள் பில்லைப் பார்த்து விழித்தோம். உங்கள் காப்பீட்டில் வருமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

திருவனந்தபுரத்தில் வைத்தோம். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள், மாமா விழித்தே இருந்தார். பலூன் விரித்தபோது மட்டும் அடிவயிற்றில் வலித்ததாம். சாயந்திரம் என்னைக் கூப்பிட்டு, "மக்களே, கால் வெரலு சூடா இருக்கு, தொட்டுப் பாரு" என்றார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடர்கிறது. பல் பிடுங்கப் போன இடத்தில் அதை நிறுத்தச் சொன்னார்கள், ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவில்லை. பீடியை விட்டுவிட்டார், வெற்றிலையோடு புகையிலை போடுகிறார் என்று அத்தை சொல்கிறார். அதுதான் இப்போது வீட்டில் சண்டை.

அப்பாவுக்கு நடக்கும்போது மட்டும்தான் வலி என்றால் அவசரமில்லை. மாத்திரையோடு தினமும் வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியைச் சில மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலித்து காலைத் தொங்கப்போட்டால் ஆறுகிறதா, விரலில் ஆறாத புண்ணோ கறுப்போ இருக்கிறதா? அப்படியென்றால் எந்த ஸ்டென்ட் என்று இங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், இந்த வாரமே ரத்தக்குழாய் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். திடீரென்று கால் குளிர்ந்து மரத்துப்போனால் அன்றைக்கே, அந்த மணியிலேயே.