கொள்ளுத்தாத்தா பேப்பர்ல "மலையாளி"ன்னு இருக்கு, நாங்க தமிழா மலையாளியா?

சிலோன், மலேயா தோட்டத்துக்குப் போன குமரிக்காரங்க குடும்பத்துல அடிக்கடி வர்ற கேள்வி இது. வீட்ல தமிழ்தான், ஆனா பழைய பேப்பர்ல இனம்ங்கிற இடத்துல மலையாளின்னு போட்டிருக்கும். அந்த இனம்ங்கிறது பல சமயம் கிளார்க் ஒட்டுன லேபிள்தான், நம்ம தாத்தா கிட்ட நின்னு நிதானமா கேட்டு எழுதினதுன்னு சொல்ல முடியாது.

காரணம் சிம்பிள். 1956 நவம்பர் 1 வரைக்கும் குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் மலையாள நாடுன்னு பேரெடுத்த திருவிதாங்கூர் பக்கம், அதனால அங்கேருந்து வந்தவன்னாலே மலையாளின்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க. திருவனந்தபுரத்துல போஸ்ட் பண்ணின முந்திரிக்கொத்து பார்சல் மாதிரிதான், முத்திரை அந்த ஊரு, பலகாரம் நம்ம நாஞ்சில் நாட்டு அடுக்களைல சுட்டது. அதுக்காக மலையாளியா இருக்கவே மாட்டாங்கன்னும் சொல்லல, விளவங்கோடு பக்கம் ரெண்டு மொழியும் கலந்துதான் கிடக்கும்.

தேடணும்னா வீட்டுப்பேரு, குலதெய்வம் கோவில் இல்ல சர்ச் ஞானஸ்நான ரெஜிஸ்டர், பழைய ஆதாரம் (அதான் நிலப் பத்திரம்) இதுல இருந்து ஆரம்பிங்க. ஆதாரம் மலையாளத்துல இருக்கலாம், அப்போ ஆபீஸ் மொழி பெரும்பாலும் அதுதான், அதப் பார்த்து பயப்படாதீங்க. வருஷம் 1065ன்னு இருந்தா அது கொல்லம் ஆண்டு, 825 கூட்டுங்க, சுமார் 1890 வரும். (எங்க வீட்டு ஆதாரத்த ரொம்ப நாள் சோழர் காலம்னு நெனச்சிட்டு இருந்தோம்!)

அப்புறம், டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா தமிழா மலையாளமான்னு தெரிஞ்சிரும்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, எச்சில்ல மொழி இருக்காதுங்க.