தண்ணீர் வரும் படம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நீடாமங்கலம் பக்கம் ஒரு குறும்படம் எடுத்துவருகிறோம். இருபது நிமிடம். ஆவணப்படம் போலவே தோன்றும் நகைச்சுவைப் படம். மேட்டூர் திறந்தபின் கடைமடைக் கிராமம் ஒன்றில் பாசனதாரர் சங்கத் தலைவர் தண்ணீரை வரவேற்கப் பூத்தாம்பாளம், மேளம், ஒலிபெருக்கி எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். தண்ணீர் வரவில்லை. இவ்வளவுதான் கதை. படித்துக் காட்டியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்கு காட்சிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தோம், ஒருவரும் சிரிக்கவில்லை. நடிகர்கள் திருவிழா நாடகங்களில் பழகியவர்கள், வசனத்தைத் தெளிவாகவே சொல்கிறார்கள். ஆங்கிலத் தொடர்களில் வருவதுபோல அடிக்கடி கேமராவைத் திரும்பிப் பார்க்க வைத்தோம். கேமராவை ஆட்டி ஆட்டியும் எடுத்தோம். எங்கே தவறு? வசனமே எழுதாமல் விட்டால் சரியாகுமா? காட்சிகளை அனுப்பியிருக்கிறேன்.

க., நீடாமங்கலம்

அன்புள்ள க.,

நான்கு காட்சிகளையும் பார்த்தேன். கதையில் குறை இல்லை. உங்கள் கேமராவுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அதுதான் சிக்கல்.

இரண்டாம் காட்சியில் தலைவர் பூட்டைத் திறந்து சங்கக் கட்டடத்துக்குள் நுழைகிறார். கேமரா உள்ளே நின்று அவரை எதிர்கொள்கிறது. பூட்டிய கட்டடத்துக்குள் கேமராக்காரர் எப்படிப் போனார்? பார்ப்பவர் இதை வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆனால் அந்த நொடியிலேயே ‘இது சினிமா’ என்று மனசுக்குள் எழுதிக்கொண்டுவிடுவார். சினிமா என்றால் சினிமா அளவுக்கு ஜோக் வேண்டும். உங்கள் ஜோக்குகள் அந்த அளவு இல்லை, இருக்கவும் கூடாது. கேமரா அவர் முதுகுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டும். அவர் திடீரெனத் திரும்பினால் அரை நொடி தாமதமாகத்தான் கேமரா திரும்பலாம். மூன்றாம் காட்சியில் இருவர் பேசுகிறார்கள், மாற்றி மாற்றி இருவர் முகத்தையும் காட்டுகிறீர்கள். ஒரே கேமரா உள்ள குழுவுக்கு இது சாத்தியமே இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்துக்குக் கேமரா நகர்ந்து போகட்டும், கொஞ்சம் பிந்திப் போய்ச் சேரட்டும். அந்தப் பிந்தலில் பாதிச் சிரிப்பு இருக்கிறது.

ஆட்டுவதை உடனே நிறுத்துங்கள். ஆவணப்படம் எடுப்பவர் கேமராவை ஆடாமல் பிடிக்கத்தான் படாதபாடு படுகிறார். வரப்பில் யாரையாவது துரத்தி ஓடும்போது அது தானாகவே ஆடும். பேட்டிக்கு முக்காலி போடுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். நீங்கள் எந்த ஆவணப்படத்தைப் போலச் செய்கிறீர்கள்? 2001-ல் வந்த ‘தி ஆபீஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர், சாதாரண ஆட்களின் அன்றாட வேலையைப் பின்தொடரும் ஆவண நிகழ்ச்சிகளின் சாயலில் செய்யப்பட்டது, அந்த ஊர்த் தொலைக்காட்சியில் அவை அப்போது மலிந்திருந்தன. பார்வையாளருக்கு அசல் அத்துப்படி. அதனால் நகல் சிரிக்க வைத்தது. தஞ்சை, திருவாரூர்ப் பார்வையாளருக்கு அந்த அசல் தெரியாது. அவருக்கு எலும்புவரை தெரிந்தவை வேறு: படம் போடுமுன் தியேட்டரில் ஓடிய அரசு செய்திப்படம், வயலும் வாழ்வும், செய்திச் சேனலின் நேரலை, அப்புறம் கல்யாண வீடியோ. இந்த நான்குக்கும் நான்கு இலக்கணம். நீங்கள் எல்லாவற்றையும் கலந்திருக்கிறீர்கள், அதோடு அந்நியமான ஐந்தாவது ஒன்றையும்.

உங்கள் கதைக்கு வயலும் வாழ்வும்தான் பொருத்தம். காரணம் மொழி. மைக்கைக் கண்டதும் நம் ஆட்களுக்கு நாக்கு மாறிவிடும். ‘நீரானது இன்னும் சற்று நேரத்தில் நமது பகுதியை வந்தடையும்’ என்பார் தலைவர். அப்போது கைப்பேசி அடிக்கும். ‘எங்கடா நிக்கிது? தலைப்பு மதகுலயேவா? நேத்தும் அதத்தானடா சொன்ன?’ கைப்பேசியை மடியில் செருகிவிட்டு மறுபடி கேமராவுக்கு: ‘வந்தடையும்.’ இங்கே நீங்கள் தனியாக ஜோக் எழுதவே வேண்டாம். வேறு மொழியில் இந்த வகைப் படம் எடுப்பவர்களுக்கு எளிதில் கிடைக்காத வசதி இது, நமக்கு இலவசமாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் நடிகர்கள் முதல் சொல்லிலிருந்து கடைசிவரை பேச்சுத்தமிழில் போகிறார்கள். ஏறுவதற்கு மேடு இல்லாததால் விழுவதற்குப் பள்ளமும் இல்லை. யார் யார் எழுத்துத்தமிழ் பேச முயல்வார், யார் முயலவே மாட்டார் என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். தலைவர் முயல்வார். பொருளாளர் பாதி. தலைவரின் அம்மா, ‘எந்தத் தண்ணி?’ என்பதற்குமேல் பேசவே வேண்டியதில்லை.

கேமராவைத் திரும்பிப் பார்ப்பது: நம் கிராமத்தில் எல்லோரும் எப்போதும் கேமராவைத்தான் பார்ப்பார்கள், ஆகவே அது ஜோக்காகாது. பேட்டியில் லென்ஸை ஒட்டிக் கேள்வி கேட்பவரை உட்காரவைத்து அவரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். பதிவாகிவிட்டதோ என்ற பயத்தில் மட்டும் லென்ஸைப் பார்க்கட்டும். இருபது நிமிடத்தில் மூன்று முறைக்குமேல் வேண்டாம்.

வசனம் எழுதாமல் விட்டால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். 1984-ல் ராப் ரைனர் இயக்கிய ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’ என்ற போலி ஆவணப்படத்திலும் (ஒரு ராக் இசைக்குழுவின் கதை), அதில் நடித்த கிறிஸ்டோபர் கெஸ்ட் பிற்பாடு இயக்கிய படங்களிலும் பேச்சு பெரும்பாலும் அந்த இடத்திலேயே பிறந்ததுதான். ஆனால் எழுதாமல் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காட்சிக்குக் காட்சி என்ன நடக்கிறது, யாருக்கு யாரோடு என்ன பழைய பகை, எல்லாம் எழுதியிருந்தார்கள், பேச்சைத் தவிர. நீங்களும் காட்சிக்கு அரைப்பக்கம் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் மற்றவருக்குத் தெரியாத ஒரு செய்தியைத் தனியாகச் சொல்லிவையுங்கள்: மேளக்காரருக்கு முன்பணம் கொடுக்கவில்லை என்று பொருளாளருக்கு மட்டும் தெரியட்டும்.

நாடக நடிகர்களின் குரல் கடைசி வரிசைக்குப் போய்ப் பழகியது. ‘மெதுவாகப் பேசுங்கள்’ என்றால் இன்னும் செயற்கையாகிவிடும். கைக்கு வேலை கொடுங்கள். மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டே, சாக்கு தைத்துக்கொண்டே பேசினால் குரல் தானே இறங்கும். பதில் முடிந்ததும் ‘கட்’ சொல்லாதீர்கள். ஐந்தாறு நொடி சும்மா இருங்கள். மௌனம் தாங்காமல் அவர் இன்னொரு வரி சேர்ப்பார், பெரும்பாலும் படத்தில் நிற்பது அந்த வரிதான். இயக்குநர் சிரித்தால் அது மைக்கில் ஏறும், முதல் காட்சியில் உங்கள் சிரிப்பு இரண்டு இடத்தில் கேட்கிறது. துண்டைக் கடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி எடுத்தால் இருபது நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சேரும். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 22.5 ஜிபி, பன்னிரண்டு மணி நேரம் 270 ஜிபி. இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள் என்பதால் ஆளுக்கொரு காலர் மைக், தனித்தனி டிராக். ஒரே மைக்கில் எடுத்தால் ஒருவர் வரியை மட்டும் பிரித்து வெட்ட முடியாது. சட்டை போடாதவருக்கு மைக்கைத் துண்டின் மடிப்பில் வையுங்கள், கழுத்துப் பக்கம் துணி உரசாமல். திறந்த வயலில் மைக்குக்குப் பஞ்சுறை மட்டும் போதாது, காற்று இரைச்சலைத் தடுக்க ரோம உறையும் வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து ஒலியைத் தனியாகப் பதிவு செய்திருக்கிறீர்கள், நான்காம் காட்சியின் முடிவில் உதடும் ஒலியும் விலகுவது அதனால்தான். கைப்பேசியின் பிரேம் வேகம் நிலையாக இருப்பதில்லை. வெட்டத் தொடங்குமுன் நொடிக்கு நிலையான 25 பிரேமுக்கு மாற்றுங்கள், ஒலியைப் படத்தோடு பொருத்த ஒவ்வொரு டேக்கின் முதலிலும் முடிவிலும் கைதட்டிக்கொள்ளுங்கள். குழல்விளக்கு படம் முழுக்கத் துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் அடங்கும்.

தாம்பாளத்துப் பூ உங்கள் படத்தின் ஆகச்சிறந்த பொருள், அதை வீணடித்திருக்கிறீர்கள். ‘பூ வாடிப்போச்சு’ என்று ஒருவர் வாயால் சொல்கிறார். சொல்லக்கூடாது. முதல் நாள் பேட்டியில் சாமந்தி புதிதாக இருக்கட்டும், மூன்றாம் நாள் பழுப்பு, ஐந்தாம் நாள் தாம்பாளத்தில் வெறும் நெல், அதையும் கோழி கொத்தட்டும். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம். பின்னணிக் குரலுக்கும் இதுவே விதி. குரல் ‘வாய்க்கால் முழுமையாகத் தூர்வாரப்பட்டுள்ளது’ என்று மரியாதையாகச் சொல்லும், திரையில் ஆகாயத்தாமரை. குரலுக்கு நகைச்சுவை தெரியவே கூடாது.

படப்பிடிப்பு நாட்களை மேட்டூரை வைத்துப் போடுங்கள். வழக்கமான நாள் ஜூன் 12, ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. காய்ந்த வாய்க்கால் காட்சிகள் எல்லாவற்றையும் மே முதல் பாதிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் ஏறியபின் அந்த வாய்க்கால் உங்களுக்குக் கிடைக்காது. முதல் தண்ணீர் வருவது ஒரே டேக். நுரையும் சருகும் பிளாஸ்டிக்கும் தள்ளிக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில் வரும். இரண்டு பேரை இரண்டு மதகில் நிறுத்துங்கள். தலைவராக நடிப்பவர் அன்று எங்கே இருக்கிறாரோ அதுவே கதை. அவர் டீ குடிக்கப் போயிருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி, சுவிட்சர்லாந்தில் மாவில் செய்யும் ஸ்பெகட்டியை மரத்திலிருந்து அறுவடை செய்வதாக ஒரு வேடிக்கைத் துணுக்கை ஒளிபரப்பியது. மரம் வளர்ப்பது எப்படி என்று பிபிசியிடம் கேட்டவர்கள் உண்டு. உங்கள் படத்திலிருந்து முப்பது நொடியை யாராவது வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால், ஜூன் மாதத்தில் அது செய்தியாகவே ஓடும், வாய்க்கால் காய்ந்து கிடக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பார்ப்பார்கள். ஆகவே உண்மையான துறைப் பெயர், சேனல் சின்னம், நிஜ ஊர்ப்பெயர் மூன்றும் வேண்டாம். படத்தின் பெயரைச் சிறிதாகத் திரையில் முழுநேரமும் வையுங்கள், மூலையில் வைத்தால் வெட்டிவிடுவார்கள், நடுவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வந்து சட்டகத்துக்குள் நிற்பவர்களிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள்.

திருத்திய முதல் வெட்டை அனுப்புங்கள். அதில் அந்தப் பூட்டுக் காட்சி வெளியிலிருந்து தொடங்கட்டும். தலைவர் சாவியைத் தேடி இரண்டு மடியையும் தடவுவார் அல்லவா, உங்கள் மூலப்பதிவில் அது இருக்கிறது. அதை ஏன் வெட்டினீர்கள்?

அன்புடன்